வாசலில் நின்று கூப்பிடுகிறவள்

முத்துலட்சுமி: ...நான் யாரையும் வரச் சொல்லலங்க. எத்தனை தடவை சொல்ல?

சுந்தரலிங்கம்: அப்ப வாசல்ல நின்னு கூப்பிடுறது யாரு? ‘பிள்ளைய அனுப்புங்க தாயி’ன்னு என் காதுல தெளிவா விழுந்துச்சு.

முத்துலட்சுமி: எனக்கும்தான் விழுந்துச்சு.

சுந்தரலிங்கம்: விழும், விழும். நீ ஏற்பாடு பண்ணுனது உனக்கு விழாம எனக்கா விழும்?

முத்துலட்சுமி: இந்த மழையில யாருங்க வருவா? விடிஞ்சதுல இருந்து மலைப்பக்கத்துச் சாரல் இங்கன வரைக்கும் அடிச்சு ஊத்துது. கரண்டு வேற போயிருச்சு.

சுந்தரலிங்கம்: வேற யாரு? அந்த இவாஞ்சலின் டீச்சர்தான். ரிட்டயர்டு ஆயும் அந்தம்மாவுக்கு ஊர்ப் பிள்ளைகளை இழுத்துட்டுப் போற புத்தி போகல.

முத்துலட்சுமி: அவுக கோயம்புத்தூர்ல மக வீட்ல இருக்காக.

சுந்தரலிங்கம்: நீ சொன்னா நான் நம்பணும்.

முத்துலட்சுமி: நம்ப வேணாம். போன் கையிலதான இருக்கு. அடிச்சுக் கேளுங்க.

சுந்தரலிங்கம்: கேக்கத்தான் போறேன்... மணி என்ன?

முத்துலட்சுமி: பத்தாகப் போகுது. பதினோரு மணி பஸ்ஸை விட்டா தேனிக்குப் போயிச் சேர நேரமாயிரும். மதியத்தோட அட்மிஷனை முடிச்சிருவாக.

சுந்தரலிங்கம்: பஸ் பேச்சை எடுக்காத. தேவதானப்பட்டியில இருந்து மாப்பிள்ளை வீட்டாளுக கிளம்பியாச்சு. பூ வைக்கட்டும், நிச்சயம் பண்ணட்டும். அதுக்குப் பிறகு டீச்சர் ட்ரெயினிங்காம், கத்திரிக்காயாம்...

முத்துலட்சுமி: அதுக்குப் பிறகு எங்கிட்டுப் போக? இன்னைக்குத்தாங்க கடைசி நாள்.

சுந்தரலிங்கம்: தெரியும். தெரிஞ்சுதான் இன்னைக்குன்னு நாள் குறிச்சேன்.

முத்துலட்சுமி: ...வாய்விட்டே சொல்லிட்டீகளே.

சுந்தரலிங்கம்: ஒளிச்சு வச்சு எனக்கு என்ன ஆகப் போகுது?

முத்துலட்சுமி: பதினெட்டு வயசுப் பிள்ளைய மாடி ரூம்ல வச்சுப் பூட்டிட்டு இங்கன வந்து உக்காந்து வெத்தலை போடுறீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?

சுந்தரலிங்கம்: நேத்துச் சாயங்காலம் நான் பூட்டலேன்னா இந்நேரம் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பா. ஏ புள்ள, மேல சத்தம் கித்தம் போடுறாளா?

முத்துலட்சுமி: ஒண்ணும் இல்ல.

சுந்தரலிங்கம்: பிடிவாதம். உன் ரத்தம்ல.

முத்துலட்சுமி: பிடிவாதக்காரின்னா கதவைப் போட்டு இடிப்பா. இது... அங்கன ஆள் இருக்கிற மாதிரியே இல்ல.

சுந்தரலிங்கம்: டீ கொண்டுபோனியே. ஜன்னல் வழியாக் குடுத்தியா? குடிச்சாளா?

முத்துலட்சுமி: ம். குடிச்சா.

சுந்தரலிங்கம்: அப்ப உன் கையில இருக்கிற டம்ளர் யாரு வீட்டு டம்ளர்? ஆறிப்போயி ஆடை கட்டிக் கெடக்கு.

முத்துலட்சுமி: பாதிப் படி ஏறுனேன். முழங்கால் வலிச்சுச்சு. இறங்கிட்டேன். இதுக்கு ஒரு விசாரணையா?

சுந்தரலிங்கம்: ஏன் வெடுக்குனு விழுற? கேட்டேன், அம்புட்டுத்தான்.

முத்துலட்சுமி: முதல்ல டீச்சருக்கு போனைப் போடுங்க.

சுந்தரலிங்கம்: போடுறேன்... ஹலோ... டீச்சரம்மாவா? காமயகவுண்டன்பட்டி சுந்தரலிங்கம் பேசுறேன்... ஆமா, முத்துலட்சுமி வீட்டுக்காரர்தான்... நல்லாருக்கோம்மா. இங்கன நல்ல மழை. அங்கன?... ஓ, வெயிலா... என்னது?... ஆமா, மகளுக்குத்தான்... இன்னைக்குத்தான்... இல்லம்மா, யாரும் வந்து... சரிம்மா, அப்புறமாப் பேசுறேன்.

முத்துலட்சுமி: என்ன சொன்னாக?

சுந்தரலிங்கம்: கோயம்புத்தூர்லதான் இருக்காக. பேரப்பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு.

முத்துலட்சுமி: ‘யாரும் வந்து’ன்னு இழுத்தீகளே?

சுந்தரலிங்கம்: ‘பிள்ளை கிளம்பிட்டாளா, யாரு வந்து கூப்பிட்டாக’ன்னு கேட்டாக.

முத்துலட்சுமி: கேப்பாகள்ல. இந்த ஊர்ல ஒரு பொம்பளைப் பிள்ளை டீச்சர் ட்ரெயினிங் போகுதுன்னா, போற அன்னைக்கு ஒரு பொம்பளை வாசல்ல நின்னு கூப்பிடணும். வீட்டுக்காரக பேரைச் சொல்லி வெளிய அனுப்பணும். நான் போன அன்னைக்கு என்னைக் கூப்பிட்டது இவாஞ்சலின் டீச்சர்தான். எங்க அய்யா வாசக்கதவைத் திறந்து, ‘இந்தா வர்றா, முத்துலட்சுமி’ன்னு தெருவே கேக்குற மாதிரி சொன்னாக. வாழ்க்கையில அவுக என் பேரை அம்புட்டுச் சத்தமாச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சுந்தரலிங்கம்: கூப்பிட்டுப் போயி என்னத்தக் கண்ட?

முத்துலட்சுமி: ஆரம்பிச்சுட்டீக.

சுந்தரலிங்கம்: இல்ல, கேக்குறேன். ரெண்டு வருஷம் படிச்ச. ஃபர்ஸ்ட் கிளாஸ். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு சீனியாரிட்டி, சீனியாரிட்டின்னு உக்காந்திருந்த. அப்புறம் டெட்டு பரீட்சை எழுதுன்னாக. எழுதுன. பாஸும் பண்ணுன. வேலை வந்துச்சா?

முத்துலட்சுமி: வரல.

சுந்தரலிங்கம்: திராட்சைத் தோட்டத்துல கூலி ஆளுகளை மேய்ச்சுக்கிட்டு இருக்க. உன்கூடப் படிச்சவளுக கம்பத்து ஜவுளிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுறாளுக. அன்னைக்கு சீட்டுக்கு அடிச்சுக்கிட்டீக. இன்னைக்கு சீட்டு காலியாக் கெடக்கு, சேர ஆள் இல்ல. பாதி ட்ரெயினிங் ஸ்கூலை மூடிட்டான். இதையெல்லாம் பார்த்துக்கிட்டே என் மகளையும் அந்தக் கிணத்துல தள்ளணுமா? நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல புள்ள.

முத்துலட்சுமி: கெட்டவருன்னு யாரு சொன்னா? வேலை வரலதான். ஆனா நான் போனேன்ல. அங்கன ஒரு நாள் ஒரு வகுப்பை என் கையில குடுத்துட்டு, எங்க மேடமும் கூடப் படிச்ச பிள்ளைகளும் பின்னால உக்காந்து, நான் எப்படி நடத்துறேன்னு பார்த்தாக. அழுத்திப் பிடிச்சதுல சாக்பீஸ் ரெண்டா ஒடைஞ்சு போச்சு. வகுப்பு மொத்தமும் எந்திரிச்சு ‘வணக்கம் டீச்சர்’னுச்சு... அது போதுங்க எனக்கு. அதை அவளும் ஒரு தடவை கேக்கட்டுமே.

சுந்தரலிங்கம்: வணக்கத்தை வச்சு வயிறு நிறையுமா?

முத்துலட்சுமி: மயிலாடும்பாறையில இருந்து எங்க வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தீகளே, உங்களுக்கு வயிறு நிறைஞ்சுச்சா இல்லையா?

சுந்தரலிங்கம்: இந்தா, இதைச் சொல்லாம உன்னால ஒரு சண்டையை முடிக்க முடியாது.

முத்துலட்சுமி: முடிக்க நான் எங்க விட்டேன்? இன்னும் நல்லாக் கோவப்படுங்க. படியில நின்னு மகளை ஒரு அதட்டு அதட்டுங்க. சின்னப் பிள்ளையில நீங்க ஒரு குரல் குடுத்தா எந்தத் தோட்டத்துல இருந்தாலும் ஓடி வருவா. கூப்பிடுங்க. அவ வரட்டும். மூணு பேரும் உக்காந்து பேசுவோம்.

சுந்தரலிங்கம்: தொண்டை கட்டியிருக்கு.

முத்துலட்சுமி: என்கிட்ட கத்தும்போது கட்டல.

சுந்தரலிங்கம்: உஷ்...

முத்துலட்சுமி: என்ன?

சுந்தரலிங்கம்: அந்தா...

முத்துலட்சுமி: ...ரெண்டாவது தடவை.

சுந்தரலிங்கம்: அதே குரல். வயசான குரலா, சின்ன வயசா... பிடிபட மாட்டேங்குது. இரு, ஜன்னலைத் திறந்து பார்த்துர்றேன்.

முத்துலட்சுமி: வேணாங்க. பார்க்கக் கூடாது.

சுந்தரலிங்கம்: பார்த்தா கண்ணு போயிருமா? இது என் வீட்டு ஜன்னல்... ம்... ஒருத்தரும் இல்ல.

முத்துலட்சுமி: அவுக வாசலுக்கு நேரா நிக்க மாட்டாக.

சுந்தரலிங்கம்: அந்தா மலைச்சாமி போறாரு, தலையில சாக்கைக் கவுத்துக்கிட்டு. செவத்தோரமாத்தான் வர்றாரு... ஏ, இங்க பாரு. இல்ல, நீ பார்க்காத. நம்ம வாசக்கிட்ட வந்ததும் செவத்தை விட்டு விலகி, நடுத்தெருவுல தண்ணியில இறங்கி, சுத்திக்கிட்டுப் போறாரு. பெரியவக யாரும் நின்னா நம்ம ஒதுங்கிப் போவோம்ல, அப்படி. தலையை நிமிர்ந்துகூடப் பார்க்கல.

முத்துலட்சுமி: இந்த ஊர்க்காரருங்க அவரு. ஒதுங்கத்தான் செய்வாரு.

சுந்தரலிங்கம்: எதைப் பார்த்து ஒதுங்குனாரு? அங்கனதான் ஆளே இல்லையே... ஆனா ஒரு சத்தம் கேக்குது. குடைத் துணி மேல மழை விழுந்தா ஒரு சத்தம் வரும் பாரு, பொதபொதன்னு. அது கேக்குது. குடையைக் காணோம்.

முத்துலட்சுமி: ஜன்னலைச் சாத்துங்க.

சுந்தரலிங்கம்: ...சாத்திட்டேன். யாரு அது? இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். கூப்பிடுறா, கூப்பிடுறான்னு பொம்பளைக பேசிக்கிறீக. ஒருத்தியும் முழுசாச் சொன்னதில்ல.

முத்துலட்சுமி: நீங்க முழுசாக் கேட்டதில்ல. வெள்ளைக்காரன் காலத்துல இங்கன முத முதல்ல பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சப்ப, ஞானபாக்கியம்னு ஒரு டீச்சர் வந்தாகளாம். மிஷன் ட்ரெயினிங் ஸ்கூல்ல படிச்சவுக. கம்பத்துல இருந்து மாட்டு வண்டி. கல்யாணம் ஆகாத பொம்பளை, தனியா, காலுல செருப்பு போட்டு வந்து இறங்கவும் ஊரே வேடிக்கை பார்த்துச்சாம். வேடிக்கை பார்த்தாக, பிள்ளையத்தான் அனுப்பல. பள்ளிக்கூடம் இருக்கு, டீச்சர் இருக்காக, உக்கார ஆள் இல்ல.

சுந்தரலிங்கம்: அதுக்குத்தான் சந்தனம்மாளை வேலைக்கு வச்சாகளாக்கும்.

முத்துலட்சுமி: அடேயப்பா. பேரு நினைவு இருக்கே உங்களுக்கு.

சுந்தரலிங்கம்: அது... ஊரே சொல்ற பேருதான. அது நினைவு இருக்கு.

முத்துலட்சுமி: வீடு வீடாப் போயிப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோயி விட ஒரு பொம்பளை. அப்ப ஊருக்கு ஊரு அப்படி ஒரு ஆளு உண்டாம். சந்தனம்மாள் சின்ன வயசுல தாலி அறுத்தவுக. வெள்ளைச் சேலை. காலங்காத்தால அவுக முகத்துல முழிச்சா ஆகாதுன்னு கதவைச் சாத்துவாகளாம். அதனால வாசலுக்கு நேரா வராம, செவத்தோரம் ஒதுங்கி நின்னு குரலை மட்டும் விடுவாக. ‘பிள்ளைய அனுப்புங்க தாயி.’ மூணு தடவை. அதுக்கு மேல கூப்பிட மாட்டாக. அடுத்த வீட்டுக்குப் போயிருவாக.

சுந்தரலிங்கம்: எந்தப் பிள்ளைன்னு பேரைச் சொல்ல மாட்டாகளா?

முத்துலட்சுமி: எப்படிச் சொல்லுவாக? அந்தக் காலத்துல பொட்டப்பிள்ளை பேரு தெருவுக்குத் தெரியுமா? வீட்டுக்குள்ள சின்னவ, கருத்தவ, குட்டி... அம்புட்டுத்தான். வீட்டாளுகதான் பேரைச் சொல்லி வெளிய விடணும். தெரு கேக்கணும். அதுக்குப் பிறகுதான் அந்தப் பேரு பள்ளிக்கூடத்துல ஏறும்.

சுந்தரலிங்கம்: அந்தம்மாவும் பின்னால டீச்சர் ஆனாகன்னு யாரோ சொன்னாக.

முத்துலட்சுமி: ஆனாக. வகுப்புல பின்னால உக்காந்து உக்காந்தே எழுத்துக் கத்துக்கிட்டாக. தாலி அறுத்தவகளுக்கு உபகாரச் சம்பளம் குடுத்து ட்ரெயினிங்ல சேர்த்த காலம். ஞானபாக்கியம் டீச்சர்தான் அனுப்பி வச்சாக. படிச்சு முடிச்சு, இதே ஊருக்கே டீச்சரா வந்தாக. எவன் எவன் முகத்துல முழிக்க மாட்டேன்னானோ, அவன் அவன் பிள்ளைக அவுக முகத்தைப் பார்த்துத்தான் அ, ஆ சொல்லுச்சு.

சுந்தரலிங்கம்: செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்குமே.

முத்துலட்சுமி: எங்க ஆத்தா காலத்துலயே செத்துட்டாக.

சுந்தரலிங்கம்: அப்ப இப்ப வெளிய நிக்கிறது...

முத்துலட்சுமி: உங்களுக்கு போன் அடிக்குது.

சுந்தரலிங்கம்: ஆங்... ஹலோ... சொல்லு சுரேஷ்கண்ணா... மழை பேஞ்சா என்னலே, நனைஞ்சா கரைஞ்சா போகும், ரோட்டுல கட்டு... மாப்பிள்ளை போட்டோ வந்துருச்சுல்ல... பொண்ணு பேரா?... பொண்ணு பேரு... இரு, அப்புறம் சொல்றேன்... இல்லலே, வேணாம். மாப்பிள்ளை பேரை மட்டும் பெருசாப் போடு. கீழ ‘வருக வருக’ன்னு போடு, போதும்.

முத்துலட்சுமி: பிளக்ஸ் கடைக்காரனா?

சுந்தரலிங்கம்: ம்.

முத்துலட்சுமி: பொண்ணு பேரு கேட்டா சொல்ல வேண்டியதுதான?

சுந்தரலிங்கம்: எதுக்கு? ரோட்டுல கட்டித் தொங்கவிடவா? போறவன் வர்றவன் எல்லாம் வாசிக்கவா?

முத்துலட்சுமி: கொட்டை எழுத்துல போடணும்னு போன வாரம் குதிச்சது நீங்கதான்.

சுந்தரலிங்கம்: இப்ப வேணாம்னு தோணுது.

முத்துலட்சுமி: அவளுக்குப் பேரு வச்சதே நீங்க. எங்க ஆத்தா ஒரு பேரு சொல்லுச்சு, எங்க அய்யா ஒரு பேரு சொன்னாக. ரெண்டையும் ஒதுக்கிட்டு நீங்க ஒண்ணு வச்சீக.

சுந்தரலிங்கம்: நல்ல பேருதான வச்சேன்.

முத்துலட்சுமி: நான் எப்ப நல்லால்லேன்னேன்? கேக்கவே ஆசையாத்தான் இருக்கும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க.

சுந்தரலிங்கம்: என்ன விளையாட்டு இது? வர்றவகளுக்கு என்ன சமைக்கிறதுன்னு பாரு. அதை விட்டுட்டு...

முத்துலட்சுமி: ...சரி. விடுங்க.

சுந்தரலிங்கம்: இந்தா, நான் ஒண்ணு கேக்குறேன். கோவப்படாத. அந்தக் காலத்துல அனுப்பப் பிடிக்காதவக என்ன பண்ணுவாக? குரல் கேட்டதும் பேசாம இருந்துருவாகளா?

முத்துலட்சுமி: பேசாம இருந்தா குத்தமில்ல. நாளைக்கு வருவாக.

சுந்தரலிங்கம்: ‘எங்க வீட்ல பிள்ளை இல்ல’ன்னு சொல்லிட்டா?

முத்துலட்சுமி: அதைச் சொல்லக் கூடாது.

சுந்தரலிங்கம்: ஏன்? சொன்னா?

முத்துலட்சுமி: ஏங்க, எதுக்கு இம்புட்டு அக்கறையாக் கேக்குறீக?

சுந்தரலிங்கம்: சும்மாதான். சொல்லு.

முத்துலட்சுமி: கீழத்தெருவுல ஒரு வீட்ல சொல்லியிருக்காக. பிள்ளைய நெல்லுக் குதிருக்குள்ள இறக்கி, மேல சாக்கைப் போட்டு மூடிட்டு, ‘எங்க வீட்ல பொட்டப்பிள்ளையே இல்ல’ன்னு அந்த வீட்டு ஆம்பளை குரல் குடுத்தாராம். சந்தனம்மாள் ஒண்ணும் சொல்லல. போயிட்டாக.

சுந்தரலிங்கம்: குதிருக்குள்ள மூச்சு முட்டிச் செத்துப்போச்சா?

முத்துலட்சுமி: அதெல்லாம் இல்ல. கொஞ்ச நேரத்துல அதுவே ஏறி வெளிய வந்துருச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ராச்சாப்பாட்டுக்கு அதுக்குத் தட்டு வைக்கல. யாரும் வேணும்னு செய்யல. மறந்துட்டாக. மறுநாளும் மறந்துட்டாக. அது அழுதா பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகுதுன்னு நினைப்பாகளாம். பேரு முதல்ல போச்சு. அப்புறம் முகம். அக்கா தங்கச்சிக்கெல்லாம் கல்யாணம் நடந்துச்சு. இதுக்கு ஒண்ணு பார்க்கணுமேன்னு ஒருத்தருக்கும் தோணல. அந்த வீட்ல தண்ணி எடுத்து, உலை வச்சு, வாசல் கூட்டி... ஆயுசு பூராவும் இருந்துச்சு. இருந்துக்கிட்டே இல்லாமப் போச்சு. என்னைக்குச் செத்துச்சுன்னே தெரியாது. ஒரு நாள் ஏன் அடுப்புப் புகையலேன்னு பார்த்தப்பத்தான்...

சுந்தரலிங்கம்: போதும்.

முத்துலட்சுமி: நீங்கதான கேட்டீக?

சுந்தரலிங்கம்: இதுக்கு... மாத்து ஒண்ணும் கிடையாதா? தெரியாமச் சொல்லிட்டான்னு வையி. வெளியூர்க்காரன் எவனாவது.

முத்துலட்சுமி: மறுபடி வந்து கூப்பிட்டாகன்னா, மூணு குரலும் குடுத்துட்டு அவுக தெருமுக்கு திரும்புறதுக்குள்ள, வாசக்கதவைத் திறந்து பிள்ளை பேரைச் சத்தமாச் சொல்லி அனுப்பிட்டா சரியாயிரும்பாக. அப்படிச் செஞ்சவக யாரும் இருக்காகளான்னு எனக்குத் தெரியாது.

சுந்தரலிங்கம்: பேரைச் சொல்லி...

முத்துலட்சுமி: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? மழைக்குளிர்ல?

சுந்தரலிங்கம்: கரண்டு இல்லேல்ல, புழுங்குது... இந்தா, மறுபடி போன். ஹலோ... வாங்க சம்பந்தி. சின்னமனூர் தாண்டிட்டீகளா? மெதுவா வாங்க, உத்தமபாளையம் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும்... சமையலெல்லாம் ஆயிக்கிட்டு இருக்கு... இல்லங்க, கூட்டமெல்லாம் சேர்க்கல. வீட்ல நாங்க ரெண்டே பேருதான்... ஆங்?... எந்தப் பொண்ணு?... ஓ, ஆமா ஆமா... பொண்ணு... இருக்கு, இருக்கு. ரெடியாத்தான் இருக்கு... வச்சிர்றேன்.

முத்துலட்சுமி: ‘எந்தப் பொண்ணு’ன்னா கேட்டீக?

சுந்தரலிங்கம்: சிக்னல் சரியில்ல. காதுல விழல.

முத்துலட்சுமி: ‘நாங்க ரெண்டே பேரு’ன்னீகளே, அதுக்கும் சிக்னல்தானா?

சுந்தரலிங்கம்: நீ ரொம்ப ஒழுங்கா? காலையில இட்லிக்கு எத்தனை தட்டு எடுத்து வச்ச?

முத்துலட்சுமி: ...அவளுக்கு மேல கொண்டு போறதுக்குன்னு...

சுந்தரலிங்கம்: கொண்டு போனியா? ரெண்டு தட்டு வச்ச. ரெண்டு பேரும் சாப்பிட்டோம். மிச்சத்தை மாட்டுக்குப் போட்டுட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்ட. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

முத்துலட்சுமி: பார்த்துட்டு ஏன் பேசாம இருந்தீக?

சுந்தரலிங்கம்: எனக்கும் அப்ப ஒண்ணும் தப்பாத் தெரியல. இப்ப நீ அந்தக் குதிருக் கதையைச் சொல்லவும்தான்...

முத்துலட்சுமி: ஏங்க...

சுந்தரலிங்கம்: என்ன?

முத்துலட்சுமி: கேளுங்க.

சுந்தரலிங்கம்: ...

முத்துலட்சுமி: மூணாவது தடவை கூப்பிட்டுட்டாக. இனிமே கூப்பிட மாட்டாக.

சுந்தரலிங்கம்: அனுப்பிரு.

முத்துலட்சுமி: என்னது?

சுந்தரலிங்கம்: அனுப்பிருன்னு சொல்றேன். சம்பந்திகிட்ட நான் கால்ல விழுந்து சமாளிச்சுக்கிறேன். தேனிக்குப் போகட்டும். டீச்சராகட்டும், ஆகாம ஜவுளிக்கடையில நிக்கட்டும், எதுவோ ஆகட்டும். இந்தா சாவி. கதவைத் திறந்து கூப்பிடு.

முத்துலட்சுமி: நீங்க கூப்பிடுங்க.

சுந்தரலிங்கம்: பெத்தவ நீ.

முத்துலட்சுமி: பேரு வச்சவரு நீங்க. எங்க அய்யா மாதிரி வாசப்படியில நின்னு சொல்லுங்க. ‘இந்தா வர்றா’ன்னு சொல்லிட்டு, பேரைச் சொல்லுங்க. சீக்கிரம்.

சுந்தரலிங்கம்: தொண்டை...

முத்துலட்சுமி: சம்பந்திகிட்ட கணீர்னுதான் பேசுனீக.

சுந்தரலிங்கம்: நான் சொல்லிட்டேன் புள்ள.

முத்துலட்சுமி: என்னத்த?

சுந்தரலிங்கம்: நேத்துச் சாயங்காலம் நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப, செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல். ‘நாளைக்குப் பிள்ளைய அனுப்பிருங்க’ன்னு. எவளோ டீச்சர் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாளேன்னு கோவம். ‘எங்க வீட்ல பிள்ளையே இல்ல, போ’ன்னுட்டேன்.

முத்துலட்சுமி: அய்யோ...

சுந்தரலிங்கம்: காலையில எந்திரிச்சதும் அவளை ஒரு சத்தம் போடலாம்னு வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே நிக்குது. பேரு வரல. சரி, தூக்கக் கலக்கம்னு பீரோவைத் திறந்து அவ சர்டிபிகேட்டை எடுத்தேன். பேரு அச்சாப் போட்டிருக்கு. எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். கண்ணை எடுத்தா, போயிருது. மறுபடி வாசிக்கிறேன். மறுபடி போயிருது. கையில அள்ளுன தண்ணி மாதிரி.

முத்துலட்சுமி: மேல போயி அவளையே பார்த்திருக்கலாமே...

சுந்தரலிங்கம்: போனேன். பூட்டைத் திறந்தேன். கட்டில்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. மடியில ஒரு பை. நல்ல களையான பிள்ளை. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுச்சு. நான் என்ன கேட்டேன் தெரியுமா?

முத்துலட்சுமி: வேணாம், சொல்லாதீக.

சுந்தரலிங்கம்: ‘நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா’ன்னு கேட்டேன். அதுக்கு முகமே விழுந்து போச்சு. என்னமோ சொல்லுச்சு, திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. அதுவும் என் காதுல நிக்கல. பேசாமப் பூட்டிட்டு இறங்கி வந்து உன்கிட்டச் சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். லட்சுமி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அந்தக் குடைச் சத்தம் நகர ஆரம்பிச்சிருச்சு. அது தெருமுக்கு திரும்புறதுக்குள்ள நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பேரைச் சொல்லிரு.

முத்துலட்சுமி: காலையில இருந்து நான் உங்களை எதுக்குங்க வம்புக்கு இழுத்துக்கிட்டே இருக்கேன்? கோவத்துலயாவது அந்தப் பேரு உங்க வாயில வந்து விழுந்துராதா, நானும் அதைக் கேட்டுப் பிடிச்சுக்கிற மாட்டேனான்னுதான்.